ஒரு நாற்காலிப் படத்தை நாங்கள் ரசித்த வரலாறு

உலகத்தில் சிரிப்பைக் கண்டுபிடித்தவர் யார் என்பது பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தவர்கள் யார் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. நாங்கள்தான். நாங்கள் என்றால் எங்கள் ஊர்த் திரைப்பட ரசனைக் கழகம். அதன் செயலாளர் என்ற முறையில் இதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்களுக்கு முன்னால் மனிதர்கள் படம் பார்த்த லட்சணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது. திரையில் ஒருவன் வழுக்கி விழுவான். உடனே சிரித்துவிடுவார்கள். யோசனை கிடையாது, விவாதம் கிடையாது, தீர்மானம் கிடையாது. கேட்டால், "சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன்" என்று கூச்சமில்லாமல் சொல்வார்கள். தும்மல் வந்தது, தும்மினேன் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இந்தக் காட்டுமிராண்டித்தனத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது எங்கள் கழகத்தின் நான்காம் விதி. 'படம் ஓடிக்கொண்டிருக்கையில் உறுப்பினர்கள் சிரித்தல், விசும்புதல், கைதட்டுதல், பெருமூச்சு விடுதல் ஆகியவற்றைத் தவிர்த்து, மேற்படி உணர்ச்சிகளைப் படம் முடிந்தபின் வழங்கப்படும் ரசனைப் படிவத்தில் உரிய கட்டத்தில் பதிவு செய்ய வேண்டும்.' இதை எழுதியவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, உண்மைக்காகச் சொல்கிறேன். கொஞ்சம் பெருமையும் உண்டு.

என் உத்தியோகம் இதற்கு மிகவும் உதவியது. நான் எடை அளவு இன்ஸ்பெக்டர். கடை கடையாகப் போய், தராசுத் தட்டில் முத்திரை போட்ட கல்லை வைத்து, முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பவன். ஒரு கிலோ என்றால் எந்தக் கடையிலும் ஒரு கிலோதான். ஆனால் சிரிப்பைப் பாருங்கள். ஒரே காட்சிக்கு ஒருவன் பல்லைக் காட்டுகிறான், இன்னொருவன் தரையில் உருளுகிறான். கேட்பாரில்லை. ஆகவே சிரிப்பை ஐந்து நிலைகளாகப் பிரித்தேன்: உதடு விரிதல், பல் தெரிதல், ஒலி எழுதல், தோள் குலுங்கல், கண்ணீர். இரண்டாம் நிலைக்கு எத்தனை பல் தெரிய வேண்டும் என்பதைக் கழகத் தலைவர் நிர்ணயித்தார். ஆறு. கடைவாய்ப் பல் தெரிந்தால் அது மூன்றாம் நிலை. தலைவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். ஆயுள் முழுக்கத் திறந்த வாய்களையே பார்த்தவர் என்பதால், யார் வாயைத் திறந்தாலும் அவருக்கு வேலை ஞாபகம் வந்துவிடும்.

இப்படிச் சீரும் சிறப்புமாக நடந்துகொண்டிருந்த கழகத்தில்தான் நாற்காலிப் படம் வந்து நுழைந்தது.

படத்தை எடுத்தவர்கள் அக்கா, தங்கை இருவர். கூட்டங்களுக்கும் விசேஷங்களுக்கும் நாற்காலி வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறார்கள். எங்கள் மாதாந்திரக் காட்சிக்கு நாற்பது நாற்காலிகள் அவர்கள் கடையிலிருந்துதான் வரும். அக்கா வேன் ஓட்டுவாள். தங்கை ஒரு கைக்கு நான்கு நாற்காலியாகத் தூக்கிக்கொண்டு நூலகத்தின் மாடிப்படி ஏறுவாள். இந்த இரண்டு பேர் ஒரு முழுநீளப் படம் எடுத்திருக்கிறார்கள் என்று என் மனைவி சொன்னபோது நான் நம்பவில்லை. படைப்பாளி என்றால் முகத்தில் ஒரு துயரம் வேண்டாமா? இவர்கள் முகத்தில் இருந்ததெல்லாம் வியர்வைதான்.

என் மனைவியும் அக்காவும் பள்ளியில் ஒரே பெஞ்சு. அந்தப் பாசத்தில் படத்தின் கதையை எனக்குச் சமையலறையில் வைத்துச் சொன்னாள். படத்தின் பெயர் 'நாற்காலிக்கு உடம்பு சரியில்லை'. ஒரு வீட்டில் பழைய மர நாற்காலி ஒன்று ஒருநாள் காலையில் முனகுகிறது. வீட்டுக்காரர் பதறிப்போய் அதைப் போர்வையால் போர்த்தி, டாக்ஸி பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார். வரிசையில் வைக்கிறார்கள். சுற்றிலும் நிற்க முடியாத கிழவர்கள் நிற்கிறார்கள். ஒருவரும் உட்காரவில்லை. நோயாளி அல்லவா? டோக்கன் எண் வருகிறது. உள்ளே போகிறார்கள்.

"டாக்டர் கேக்குறாரு, எங்க வலின்னு. இவரு சொல்றாரு, கால்லதாங்க. எந்தக் கால்னு அவரு கேக்குறாரு. அதுக்கு இவரு..." என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மேடையைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கு இவரு... நாலுல எதுன்னு அது சொல்லலீங்க..."

அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. ஐந்தாம் நிலை. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "கருத்து புதுசா இருக்கு" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள். ஊரில் புதிய ஆட்களின் படத்தைப் போடுகிற தியேட்டர் ஒன்றே ஒன்றுதான். அதன் மேனேஜர் முன்பு ஒரு 'நகைச்சுவைப் படத்தை' நம்பிப் போட்டு, கடைசியில் ஜனங்களைத் தட்டி எழுப்பி வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாகிவிட்டதாம். அதனால் அவர் நிபந்தனை போட்டிருக்கிறார். நாற்பது பேர் ஓரிடத்தில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்துச் சிரிப்பதை வீடியோ எடுத்துக்கொண்டு வர வேண்டும். வந்தால் வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு வாரம் படம் ஓடும். வராவிட்டால் அக்காவும் தங்கையும் படத்தைச் சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"ரெண்டு வருஷம், ஒரு ஞாயித்துக்கிழமைகூட வீட்ல இல்ல அவளுங்க. அவங்க மாமா லாரியை நிறுத்திட்டு வந்து நடிச்சிருக்காரு. ஊர்ல நாப்பது பேரு சேர்ந்து படம் பாக்குற இடம் உங்க கழகம் ஒண்ணுதான். ஒரே ஒரு நாள், சிரிப்பு வந்தா சிரிங்க. வரலைன்னா விடுங்க. அவ்வளவுதான் கேக்குறா."

"நான் செயலாளர்" என்றேன்.

"செயலாளருக்குச் சிரிப்பு வராதா?"

"வரும். வெளியே வராது."

"கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆச்சு. உள்ளே வந்ததைக்கூட நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

என் மனைவி தண்ணீர் வாரியத்தில் புகார் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். காலையிலிருந்து மாலைவரை தொலைபேசியில் ஊர் திட்டுவதைக் கேட்டு, பொறுமையாக எழுதிக்கொள்வது அவள் வேலை. அதனால் பேச்சில் சில சமயம் சுருக்கென்று தைக்கும். நான் பெரிதுபடுத்துவதில்லை.

விஷயத்தை முறைப்படி செயற்குழுவின் முன் வைத்தேன். தலைவர், நான், துணைத் தலைவர் மூவரும் கூடினோம். துணைத் தலைவர் கணித ஆசிரியர். எதையும் கோணத்தில் பார்ப்பவர் என்பதால் ஊரில் அவருக்குக் கோணமானி என்று பெயர். அக்காவும் தங்கையும் சுவரோரமாக நின்றார்கள். நாற்காலிக்காரர்களுக்கு உட்கார நாற்காலி இல்லை. அன்று காட்சி நாள் இல்லையே.

தலைவர் தொண்டையைச் செருமினார். "இவங்க கேக்குறது சிரிப்பா, ரசனையா?"

"சிரிப்புதான் சார்" என்றாள் அக்கா.

"அது நம்மகிட்ட இல்லையேம்மா."

"இருக்கு தலைவரே. ஆனா படம் முடிஞ்சப்புறம்தான் இருக்கு" என்று கோணமானி நினைவூட்டினார்.

"அப்ப ஒண்ணு செய்யலாம்" என்று தலைவர் பெரிய மனதோடு சொன்னார். "படம் முடிஞ்சதும் எல்லாரும் எழுந்து நின்னு கேமராவைப் பாத்து மூணு நிமிஷம் சிரிச்சுக் கொடுத்துடலாம். இரங்கல் கூட்டத்துல மூணு நிமிஷம் மௌனமா நிக்கிறோம்ல, அந்த மாதிரி."

இதைக் கோணமானி ஏற்கவில்லை. படம் முடிந்தபின் திரை வெள்ளையாக இருக்கும், வெள்ளைத் துணியைப் பார்த்துச் சிரித்தவர்கள் என்ற கெட்ட பெயர் கழகத்துக்கு வரும் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

தங்கை பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "சார், நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம். வழக்கமா எப்படி உக்காருவீங்களோ அப்படி உக்காருங்க. கேமராவை நான் ஓரமா வெச்சுடறேன். சிரிப்பு தானா வரும்."

"தானா வர்றதைத்தாம்மா தடுக்கிறோம்" என்றார் தலைவர், மிகுந்த அன்போடு.

கடைசியில் செயற்குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. ஒன்று, படத்தைப் பார்ப்பது. இரண்டு, கேமராவை அனுமதிப்பது. மூன்று, கேமரா இருப்பதாலும், நாளைக்கு வேறு ஊர்க் கழகங்கள் அந்த வீடியோவைப் பார்க்க நேரிடலாம் என்பதாலும், அன்றைக்கு நான்காம் விதியை வழக்கத்தைவிடக் கடுமையாகக் கடைப்பிடிப்பது. நான்கு, படம் நன்றாக இருக்கும் பட்சத்தில், இதுவரை யாருக்கும் தராத நீளத்தில் ஒரு ரசனை அறிக்கை தருவது. அறிக்கையைவிடப் பெரிய சிரிப்பு உண்டா என்று தலைவர் கேட்டார். அக்காவும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நன்றியில் வாயடைத்துப்போனார்கள் என்று கூட்டக் குறிப்பில் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணிக்கு நூலக மாடியில் காட்சி. முப்பத்தொன்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்திருந்தன. ஒன்றின் கால் வழியில் உடைந்துவிட்டதாம். அதற்குப் பதிலாக வேனில் கிடந்த பழைய மர நாற்காலி ஒன்றைத் தங்கை கொண்டுவந்து பின்வரிசையில் போட்டாள். தலைவர் அதைப் பார்த்துவிட்டார். கை வைத்தது, முதுகு உயர்ந்தது, தலைமைப் பதவிக்கு ஏற்றது. தாமே தூக்கிவந்து முன்வரிசையில் போட்டார்.

"சார், அது வந்து..." என்று அக்கா ஓடிவந்தாள்.

"பரவாயில்லம்மா, நான் எதுல வேணா உக்காருவேன்" என்று தலைவர் அமர்ந்தார். நாற்காலி முனகியது. அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, நேரமாகிவிட்டதால் புரொஜக்டர் பக்கம் போய்விட்டாள்.

தங்கை கேமராவைத் திரைக்குப் பக்கத்தில், எங்கள் முகங்களைப் பார்க்கும்படி நிறுத்தினாள். விளக்கு பாதி எரிந்தது. நான் எழுந்து நான்காம் விதியை இரண்டு முறை வாசித்தேன். படிவங்கள் வினியோகிக்கப்பட்டன. என் மனைவி பார்வையாளர் என்ற தகுதியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விதி பார்வையாளர்களுக்கும் பொருந்தும் என்பதை அவளிடம் தனியாகவும் தெரிவித்தேன்.

படம் தொடங்கியது.

இங்கே நான் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அதுமாதிரி ஒரு படத்தை நான் பார்த்ததில்லை. யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஒருவரும் வாழைப்பழத் தோலில் வழுக்கவில்லை, ஒருவர்கூடத் தான் வேடிக்கையாக ஏதோ செய்வதாக முகத்தில் காட்டவில்லை. லாரி ஓட்டும் அந்த மாமா, பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த தகப்பன் முகத்தோடு, ஒரு நாற்காலியின் நெற்றியில், அதாவது முதுகுச் சட்டத்தின் மேல்விளிம்பில், ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்து எடை பார்க்க வேண்டும் என்கிறாள். நாற்காலியை எடை மேடையில் நிறுத்துகிறார்கள். "மூணு கிலோ கொறைஞ்சிருக்கு" என்கிறாள் நர்ஸ். மாமா பக்கத்திலிருந்த பெரியவரின் தோளில் சாய்ந்து அழுகிறார். பெரியவர் தட்டிக்கொடுத்து, "எங்க வீட்டு மேஜை போன வருஷம் இப்படித்தான்" என்று ஆறுதல் சொல்கிறார்.

என் துறை சார்ந்த காட்சி என்பதால் எனக்கு இது நேராகத் தொண்டையில் வந்து முட்டியது. ரசனைப் படிவத்தின் மூலையைக் கடித்தேன். பிறகு பார்த்தால் மூன்றாம் கட்டத்தைக் காணவில்லை. விழுங்கியிருக்கிறேன்.

கழகம் அன்றைக்குக் காட்டிய வீரத்தை நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்? நூலகர் கைக்குட்டை முழுவதையும் வாய்க்குள் திணித்துக்கொண்டார். கோணமானி கண்ணை இறுக மூடிக்கொண்டு பதினேழாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்தார். ஒருவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கி ஆறு நிமிடம் நிமிரவில்லை. இரண்டாம் வரிசை முழுவதும் தோளோடு தோள் ஒட்டி, ஓடும் பஸ்ஸில் இருப்பவர்கள்போல ஒரே சீராக அதிர்ந்துகொண்டிருந்தது. ஆனால் சத்தம்? மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. நாற்பது நாற்காலி, முப்பத்தொன்பது மூடிய வாய்.

நாற்பதாவது வாய் என் மனைவியுடையது.

முதலில் அவளும் முயற்சி செய்தாள் என்றுதான் நினைக்கிறேன். 'நாலுல எதுன்னு அது சொல்லலீங்க' என்று மாமா சொன்னதும் அணை உடைந்தது. அவள் சிரிப்பு எப்படி என்றால், முதலில் ஒரு சின்ன 'ஹூ', பிறகு கொஞ்சம் இடைவெளி, பிறகு தலை பின்னால் சாய்ந்து முழுதாக வரும். நான் உடனே கடமையைச் செய்தேன். துண்டுச் சீட்டில் 'விதி 4 நினைவூட்டப்படுகிறது - செயலாளர்' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் வாசித்தாள். இன்னும் பலமாகச் சிரித்தாள். இரண்டாவது சீட்டில் 'எச்சரிக்கை' என்று எழுதினேன். அதையும் வாசித்தாள், முழங்காலில் தட்டிக்கொண்டு சிரித்தாள். மூன்றாவதில் 'இறுதி எச்சரிக்கை, இதற்குமேல் கடிதப் போக்குவரத்து இராது' என்று எழுதி, தேதியும் போட்டேன். அதை வாசித்தவள் சீட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மூச்சுத் திணறி, என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தலைவர் திரும்பிப் பார்த்தார். கழகமே திரும்பிப் பார்த்தது. நான் என் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினேன்.

நிறுத்திவிட்டாள். அதன்பிறகு படம் முடியும்வரை சிரிக்கவில்லை. நான் எடுத்த நடவடிக்கைகளில் உடனடியாகப் பலன் தந்தது இது ஒன்றுதான்.

அடுத்து வந்தது ஆஸ்பத்திரி வார்டு. நாற்காலியைக் கட்டிலில் படுக்க வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் தேறியதும் இறக்கித் தரையில் நிறுத்துகிறார்கள். பார்க்க வந்த உறவினர் ஒருவர், களைப்பில், யோசிக்காமல் அதன்மேல் உட்கார்ந்துவிடுகிறார். வார்டே அலறுகிறது. "நோயாளி மேலேயா உக்காந்தே, பாவி!" என்று மாமா தலையில் அடித்துக்கொள்கிறார். திரையில் நாற்காலி பெரிதாகத் தெரிந்தது. கைப்பிடியில் பிறைபோல ஒரு கீறல்.

தலைவர் குனிந்து தம் வலது கைக்குக் கீழே பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாக, யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல எழுந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். மீதிப் படம் முழுக்க நின்றபடியேதான் பார்த்தார். பின்னால் இருந்தவர்களுக்குத் திரை மறைத்தது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கழுத்தைச் சாய்த்துக்கொண்டார்கள்.

படம் முடிந்தது. விளக்கு முழுதாக எரிந்தது. நூலகர் கைக்குட்டையை வெளியே எடுத்து உதறினார். மற்றபடி நிசப்தம்.

தங்கை கேமராவை நிறுத்திவிட்டு வந்தாள். "பிடிக்கலையா சார்?"

"அற்புதம்மா!" என்றார் தலைவர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "என் வாழ்க்கையிலேயே நான் இவ்வளவு சிரிச்சதில்ல."

"எப்ப சார் சிரிச்சீங்க?"

"படிவத்துல வரும்."

வந்தது. நாற்பது படிவங்களிலிருந்து தொகுத்ததில், ஐந்து நிலைகளிலுமாக மொத்தம் ஆயிரத்து நூற்று இருபத்தாறு சிரிப்புகள். கழக வரலாற்றில் இது உச்சம். அறிக்கை முப்பத்தொரு பக்கம். 'நான்கு கால்கள்: ஒரு மறுபார்வை' என்ற அத்தியாயத்தைக் கோணமானி எழுதினார். வரைபடத்துடன் இருந்தது, கோணங்கள் குறிக்கப்பட்டிருந்தன. முடிவுரையில், 'இதுவரை நாங்கள் சிரித்த படங்களில் இதுவே தலைசிறந்தது' என்று நான் எழுதினேன். தலைவர் கையெழுத்திட்டார். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டுபோய் வேனில் முன்சீட்டில் வைத்தாள். தங்கை பின்னால் நாற்காலிகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்து அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்றுதான் நான் அப்போது குறித்துக்கொண்டேன்.

என் மனைவி அந்த வாரம் முழுக்க என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். புகார் எடுக்கிற குரலில் பேசினாள்.

அறிக்கையை விளக்குவதற்காகத் தியேட்டர் மேனேஜரிடம் நானும் கூடப் போனேன். சின்ன அறை. சுவர் முழுக்கக் கிழிந்த சுவரொட்டிகள். மேனேஜர் அறிக்கையைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். என் அனுபவத்தில் சொல்கிறேன், அட்டையோடு முந்நூறு கிராம் இருக்கும்.

"இதை எங்க வெக்கிறது?" என்றார்.

"படிக்கணும்" என்றேன்.

"வீடியோவைப் போடுங்கம்மா."

போட்டார்கள். முதல் ஐந்து நிமிடம் மேனேஜர் கன்னத்தில் கைவைத்துப் பார்த்தார். "இவங்கள்லாம் உசுரோடதான் இருக்காங்களா?" என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளும் அவள் காலடியில் கிடந்ததுபோலத் தரையையே பார்த்தாள். எனக்கே சங்கடமாகத்தான் இருந்தது. அறிக்கையின் பதினான்காம் பக்கத்தைப் புரட்டி வைத்துக்கொண்டேன்.

அப்போது நூலகர் கைக்குட்டையைத் திணிக்கிற இடம் வந்தது. மேனேஜர் முன்னால் நகர்ந்தார். செருப்பு வார்க்காரர் குனிந்தார், நிமிரவில்லை. மேனேஜர், "நிமிருடா... நிமிருடா..." என்று தொடையில் தட்டினார். கோணமானியின் உதடு அசைவதைப் பார்த்து, "என்னம்மா சொல்றாரு?" என்றார்.

"வாய்ப்பாடு சார்" என்றாள் தங்கை.

அவ்வளவுதான். மேனேஜர் எழுந்து கதவைத் திறந்து, டிக்கெட் கிழிப்பவரையும், ஆபரேட்டரையும், பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளையும் கூப்பிட்டார். தலைவர் எழுந்து நாற்காலிக்கு மரியாதை செலுத்திய இடத்தில் ஆபரேட்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். பெருக்குகிற அம்மாள் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"யாரும்மா இந்த ஆக்டருங்க? எங்க புடிச்சீங்க?" என்று மேனேஜர் மூச்சு வாங்கக் கேட்டார்.

"ஆக்டர் இல்ல சார், ரசிகருங்க" என்றாள் அக்கா.

"அந்தச் சீட்டு எழுதிக் குடுக்கிற ஆளு..." என்று திரும்பியவர் என்னைக் கண்டார். வீடியோவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். "எந்த நாடகக் குழு சார் நீங்க?"

நான் கழகத்தின் பெயரைச் சொன்னேன். "நல்ல பேரு" என்று அதற்கும் சிரித்தார்.

வெள்ளிக்கிழமையிலிருந்து இதைப் போடுகிறேன் என்று மேனேஜர் சொன்னார். நாற்காலிப் படம் வேண்டாம், இது மட்டும் போதும் என்றார். இங்கேதான் அக்கா தலை நிமிர்ந்தாள். மேனேஜர் தருவதாகச் சொன்ன வாரம் அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் சொன்னாள்:

"அது இல்லாம இது கிடையாது சார். இவங்க எதைப் பாத்து இப்படி அடக்கிக்கிட்டு உக்காந்திருக்காங்கன்னு ஜனங்களுக்குத் தெரிய வேணாமா? திரையை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பக்கம் நாற்காலி, ஒரு பக்கம் இவங்க. சம்மதம்னா போடுங்க. இல்லைன்னா ரெண்டையும் வேன்ல ஏத்திக்கிறோம்."

மேனேஜர், "எப்படிம்மா உங்களுக்கு மட்டும் இப்படியெல்லாம் தோணுது?" என்று கேட்டார். சம்மதித்தார்.

கழகத்தின் அனுமதி தேவைப்பட்டது. செயற்குழு ஐந்தே நிமிடத்தில் வழங்கியது. கட்டுப்பாடான ரசனை எப்படி இருக்கும் என்பதைப் பொதுமக்கள் அகலத்திரையில் கண்டு பயன்பெற இது அரிய வாய்ப்பு என்று தலைவர் பேசினார். நான் தடையில்லாச் சான்றிதழை எழுதி முத்திரை குத்தினேன். உலகத்தில் எத்தனையோ கழகங்கள் படங்களை ரசித்திருக்கின்றன. ஒரு கழகமே படமாகி ரசிக்கப்பட்டது எங்கள் கழகம்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வெள்ளிக்கிழமை பகல் காட்சிக்கு என் மனைவியை அழைத்துக்கொண்டு போனேன். தோழியின் படம் என்பதால் வந்தாள். வாசலில் அக்காவும் தங்கையும் நின்றிருந்தார்கள். உள்ளே இடம் போதாமல், வேனிலிருந்து நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். லாரி மாமா இஸ்திரி போட்ட சட்டையுடன், படத்தில் இருந்த அதே முகத்தோடு, ஒரு கைக்கு இரண்டாகத் தூக்கி வந்தார்.

எனக்கு இடதுபக்கம் என் மனைவி. வலதுபக்கம் ஒரு குழாய் ரிப்பேர்க்காரர். வேலைக்கு நடுவில் வந்திருப்பார் போல, மடியில் ஸ்பானர் பை இருந்தது. விளக்கு அணைந்தது. நாற்காலி முனகியதும் சிரிப்பு கிளம்பியது. பக்கத்துப் பாதியில் எங்கள் முகங்கள் இறுகியதும் அது இரண்டு பங்காகியது. எந்தவிதமான முறையும் இல்லை, படிவம் இல்லை. சின்னப் பிள்ளைகளும் கிழவர்களும் நிலை ஒன்று, இரண்டு, மூன்றையெல்லாம் தாண்டி நேராக ஐந்துக்குப் போனார்கள். தலைவர் எழுந்து நின்றபோது விசில் பறந்தது. கழகத்துக்கு இவ்வளவு செல்வாக்கு இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. என் நெஞ்சு விம்மியது.

பிறகு நான் வந்தேன். ஆளுயரத்துக்கு மேல் என் முகம். முதல் சீட்டு. தியேட்டர் குலுங்கியது. இரண்டாவது சீட்டு. திரையில் என் மனைவி தலை சாய்த்துச் சிரித்தாள். அவ்வளவு பெரிதாக அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில்தான் இருந்தேன், ஆனால் அப்போது சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். கண்ணோரத்தில் சுருக்கம் விழுந்து, பதினெட்டு வருடம் முன்னால் பெண் பார்க்கப் போனபோது இருந்ததைவிட அழகாக இருந்தாள். மூன்றாவது சீட்டு. பிறகு என் கை போய் அவள் வாயில் உட்கார்ந்தது.

குழாய் ரிப்பேர்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். இருட்டில் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"அந்தம்மா சிரிக்கிற அழகைப் பாருங்க சார். பாத்தாலே நமக்கும் வருது. அதைப் போய்ப் பொத்துறான் பாருங்க படுபாவி! இந்த ஆளோட அந்தம்மா எப்படித்தான் குடும்பம் நடத்துதோ!"

அவருக்கு விளக்கமாக ஒரு பதில் சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் என் மனைவி என்னைத் தாண்டிக் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னாள்:

"பழகிடுச்சுங்க."

தியேட்டர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. எங்கள் வரிசையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தோம்.